பறக்கும்போதே இறக்கை முறிந்த மல்லார்ட் கடல் விமானம்: விரிசல் ஏன் கண்ணில் படவில்லை?

கரையோரன்:
2005 டிசம்பர் 19 அன்று, மயாமியின் வாட்சன் தீவிலிருந்து பஹாமாஸ் நாட்டின் பிமினிக்குப் புறப்பட்ட சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸ் நிறுவனத்தின் கிரம்மன் மல்லார்ட் கடல் விமானம், மேலேறிய சற்று நேரத்தில் வலது இறக்கை முறிந்து கப்பல் கால்வாயில் விழுந்தது. அதிலிருந்த 20 பேரும் இறந்தனர். 1947-இல் கட்டிய விமானம் அது. நீரில் இறங்கும்போது படும் அடிதான் நாளடைவில் இறக்கையைப் பலவீனப்படுத்தியதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பட்டறைவாசி:
ஐயா, இறங்கும்போது விழும் ஒரே அடியில் முறிவது வேறு வகை. 1933 மே மாதம், ஜெர்மனியின் பாசாவ் நகருக்கு அருகே டோர்னியர் டோ எக்ஸ் என்ற பெரிய கடல் விமானம் மிகச் செங்குத்தாக நீரில் இறங்கியபோது அதன் வால் பகுதி பிய்ந்துபோனது அப்படிப்பட்டது. மல்லார்டுக்கு நேர்ந்ததோ உலோகச் சோர்வு, அதாவது திரும்பத் திரும்ப இழுபட்டு உலோகம் மெல்ல விரிசல் விடுவது. விமானம் பறக்கும் ஒவ்வொரு முறையும் இறக்கையின் அடித்தகடு, அதாவது கீழ்ப்பக்கத்தை மூடிய உலோகத் தகடு, இழுபடுகிறது. இந்த விமானம் 31,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்திருந்தது, அதுவும் பெரும்பாலும் குறுகிய தொலைவுகளுக்கு; அதனால் இழுபட்ட முறைகளும் அதிகம்.

இறக்கை உடலோடு சேரும் இடத்துக்கு அருகே, அடித்தகட்டின் உட்புறம், இசட் வடிவில் மடித்த ஸ்ட்ரிங்கர் (தகட்டுக்கு வலுவூட்டும் நீளவாக்குச் சட்டம்) ஒன்று விரிசல் விட்டு முறிய, அது சுமந்த பாரம் தகட்டின் மேல் ஏறித் தகடும் விரிந்தது. வெளியே தெரிந்த விரிசலின் நுனியில் துளையிட்டு, மேலே ஒட்டுத்தகடு வைத்து ரிவெட் அடித்திருந்தார்கள். விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்தத் துளையிடுவது வழக்கமான முறைதான், அதில் பிழையில்லை. உள்ளே முறிந்து கிடந்த ஸ்ட்ரிங்கரைப் பார்க்காமல் விட்டதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

கரையோரன்:
உள்ளே ஏன் பார்க்கவில்லை?

பட்டறைவாசி:
அந்த உட்புறமே எரிபொருள் தொட்டி. கசிவைத் தடுக்கப் பூசிய சீலன்ட் விரிசலையும் மூடிவிட்டது. திரும்பத் திரும்ப எரிபொருள் கசிந்தது. விரிசலின் அடையாளமே அந்தக் கசிவு. முன்பு நான் வேலை பார்த்த பட்டறையில், வேறொரு விமானத்தின் தொட்டியில், இறுகிப்போன சீலன்டை பிளாஸ்டிக் சுரண்டியால் அரை நாள் சுரண்டிய பிறகுதான் ரிவெட் தலையிலிருந்து கிளம்பிய தலைமுடி போன்ற ஒரு கோடு தெரிந்தது. அதற்கு முன் இரண்டு முறை அதே இடத்தில் சீலன்ட் பூசி அனுப்பியிருந்தோம். அந்தக் கோட்டை இன்றும் மறக்க முடியவில்லை.

நீர்க்கோழி:
இதில் நிறுவனத்தோடு நின்றுவிடக் கூடாது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2007-இல் வெளியிட்ட முடிவு, விரிசல்களைக் கண்டறிந்து முறையாகச் சரிசெய்யாத பராமரிப்பையும், அந்தக் குறைகளைக் கண்டு திருத்தாத கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தையும் சேர்த்தே குறிப்பிட்டது. முதுமையடைந்த விமானங்களுக்கான சிறப்புச் சோதனை விதியோ, 1958-க்கு முன் வகைச் சான்றிதழ் (ஒரு விமான மாதிரியின் வடிவமைப்புக்குத் தரும் ஒப்புதல்) பெற்ற விமானங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. மிக நெருங்கிப் பார்க்க வேண்டிய முதிய மல்லார்டுகள், அந்த விலக்கால்தான் விதிக்கு வெளியே நின்றன.