சாறிபாத் விதவையின் பானை: அம்மா பணத்தைக் கொடுக்கலாமா?

குழித்துறை மகள் கேட்கிறார்:

என் அம்மா விதவை. முந்திரி ஆலையில் வேலை செய்து எங்களை வளர்த்தவர். மழைக்காலத்துக்கு முன் வீட்டுக்கு ஓடு மாற்றச் சீட்டுப் பிடித்து 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறார். சென்ற வாரம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கு, பிரசங்கம் கேட்க, போய்வந்தார். வேதாகமத்தில், பஞ்சகாலத்தில் சாறிபாத் ஊர் விதவை தன் பிள்ளைக்கு முன்பே எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்ததால்தான் பானை நிரம்பியது, அதுபோல இருப்பதையெல்லாம் விதைக் காணிக்கையாகக் கொடுத்தால் நூறு மடங்கு வரும் என்று பிரசங்கியார் சொன்னாராம். அம்மா முழுவதையும் கொடுக்கத் துடிக்கிறார். அந்த அற்புதத்தின் பொருள் இதுதானா?

மயிலாடி ஓய்வுநாள் பள்ளி அக்கா:

இல்லை, தங்கச்சி. 1 இராஜாக்கள் 17ஐ அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். பானை நிரம்பியதாக அங்கே எங்கும் இல்லை. மாவு தீரவில்லை, எண்ணெய் குறையவில்லை, அவ்வளவுதான். மழை பெய்யும் நாள்வரைக்கும் என்று எல்லையும் சொல்லப்பட்டிருக்கிறது. அவள் பணக்காரி ஆகவில்லை. அன்றன்றைக்கு அடை சுட்டாள், மறுநாளும் சுடுவதற்கு மாவு இருந்தது.

எலியா எந்த நிலையில் வந்தார் என்பதையும் பாருங்கள். கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் கொண்டுவந்ததைத் தின்று பிழைத்தவர். மழையில்லாமல் அந்த ஆறும் வற்றியது. சீதோன் நாட்டுக்கு, பின்னாளில் அவரைக் கொல்லத் தேடிய யேசபேல் ராணியின் தகப்பன் ஆண்ட நாட்டுக்கு, வந்து முதலில் கேட்டது தண்ணீர். பிறகுதான் அப்பம். வாங்கிக்கொண்டு போய்விடவில்லை, அந்த வீட்டிலேயே தங்கி, அதே பானையின் மாவில் அவளோடும் பிள்ளையோடும் சாப்பிட்டார். உங்கள் அம்மாவின் பணத்தை வாங்குகிறவர் அந்த ஒழுகும் கூரைக்குக் கீழே வந்து தங்குவாரா?

என் தாயார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துச் சபைக்கென்று தனிக்கலத்தில் போடுவார். பிடியரிசி. வீட்டில் மரச்சீனிக் கிழங்கு மட்டும் வெந்த நாட்களில் அதுவும் இருக்காது. சபையை நடத்திய உபதேசியார் அதைப்பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. காணிக்கை என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

தக்கலை தம்பி:

அக்கா, ஆனாலும் அவள் முதலில் கொடுத்தாள் அல்லவா? முதற்பலனைக் கர்த்தருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை நாம் மறுக்க முடியாதே.

மயிலாடி ஓய்வுநாள் பள்ளி அக்கா:

மறுக்கவில்லை, தம்பி. அந்தக் கீழ்ப்படிதல் பெரியது. ஆனால் அவளிடம் அப்பம் கேட்கும் முன்பே, உன்னைப் பராமரிக்க ஒரு விதவைக்குக் கட்டளையிட்டேன் என்று கர்த்தர் எலியாவுக்குச் சொல்லியிருந்தார். வாக்கும் அவள் பெயருக்கே வந்தது. அதை எடுத்து வேறொரு விதவையின் சீட்டுப் பணத்தின்மேல் வைக்க யாருக்கு அதிகாரம்?

மாற்கு 12ஐயும் பாருங்கள். இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு பாராட்டுகிறார். அதற்குச் சற்று முன், 40ஆம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதத்தைப் போதிப்பவர்களை, கடிந்துகொள்கிறார். பிரசங்கத்தில் இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

கடியப்பட்டணம் மீனவன்:

நாங்கள் கத்தோலிக்கர். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே அதிகாரத்தில் அந்தப் பெண்ணின் மகன் இறந்துபோகிறான். பானையில் மாவு இருக்கும்போதே! கொடுத்தால் துன்பம் வராது என்று சொல்கிறவர்கள் அந்தப் பகுதியை ஏன் விட்டுவிடுகிறார்கள்? 2017 ஒக்கிப் புயலில் திரும்பி வராதவர்களின் வீடுகளில் விசுவாசத்துக்கோ காணிக்கைக்கோ குறையே இல்லை. அந்த வீடுகளுக்கு கடற்கரைக்கு உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்து அரிசி மூட்டையோடு வந்தவர்கள் எந்தச் சபை என்று கேட்கவில்லை. ஆண்டவர் எங்களைப் பராமரித்த விதம் அது. தங்கச்சி, முதலில் கூரை ஓடுகளை மாற்றுங்கள்.

குழித்துறை மகள்:

இன்று குடும்ப ஜெபத்தில் 17ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தோம். மகன் இறந்த இடத்தில் அம்மா நிறுத்தச் சொல்லி, மறுபடியும் வாசிக்கச் சொன்னார். பணம் பெட்டியில்தான் இருக்கிறது. ஓடு மாற்றும் தச்சு ஆசாரியிடம் பேச நாளைக்குப் போகிறேன்.