டிவியில் வசனம் கேட்கலை, பாட்டு வந்தா வீடே அதிருது: சவுண்ட்பார் வாங்கினா சரியாகுமா?

மாடிவீடு43:
43 இன்ச் ஆண்ட்ராய்டு டிவி, சுவரில் மாட்டியிருக்கு. ஹால் 10க்கு 14 அடி, தரை முழுக்க டைல்ஸ், ஜன்னலுக்கு மெல்லிசு திரை. ஓடிடியில் படம் போட்டா பேசுறது காதில் விழறதில்லை. வால்யூமை 35 வரை ஏத்தினா, சண்டைக் காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடி ஓடணும். அதே டிவியில் செட்டாப் பாக்ஸ் வழியா வர்ற சீரியல், நியூஸ் எல்லாம் 15லேயே தெளிவா இருக்கு. வீட்டில் 70 வயசுப் பெரியவங்க இருக்காங்க, அவங்களுக்கும் புரியணும். டிவி ஒலியை வெளி ஸ்பீக்கருக்கு அனுப்ப எச்டிஎம்ஐ ஏஆர்சி, ஆப்டிகல் ரெண்டு அவுட்டும் உண்டு. 12 ஆயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம். கடையில் "2.1, 300 வாட்ஸ் எடுத்துக்கோங்க" என்கிறாங்க. எடுக்கலாமா?

ஒலிப்பெட்டி:
கடைக்குப் போறதுக்கு முன்னாடி டிவி செட்டிங்ஸைப் பாருங்க. காசு செலவில்லை.

சினிமா ஒலி 5.1ஆ வருது, அதாவது இடது, நடு, வலது, பின்பக்கம் ரெண்டு, பாஸுக்குத் தனியா ஒண்ணு. வசனம் பெரும்பாலும் நடு சேனலில் மட்டும் இருக்கும். டிவியில் ரெண்டே ஸ்பீக்கர், அதனால அந்த நடு சேனலை 3 டெசிபல் குறைச்சு இடது வலது ரெண்டுக்கும் பங்கு போடும். அதே ரெண்டில்தான் பின்னணி இசையும் சுத்துப்புறச் சத்தமும் வந்து ஏறும். அந்தக் கூட்டத்தில் வசனம் முங்கிப்போகுது. சீரியல் முதல்லயே ஸ்டீரியோவில் மிக்ஸ் பண்ணது, சத்தத்தில் ஏற்ற இறக்கமும் கம்மி. 15க்கும் 35க்கும் நடுவுல உள்ள வித்தியாசத்துக்கு இன்னொரு காரணம்: நெட்ஃபிளிக்ஸ் தனக்கு வர்ற படங்களில் வசனத்தின் சராசரி அளவு மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ்ஸை (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) ஒட்டி இருக்கணும்னு விதி வச்சிருக்கு. வசனத்தை அவ்வளவு தாழ்வா வச்சாத்தான் வெடிச் சத்தத்துக்கு மேலே இடம் கிடைக்கும். தியேட்டரில் அது சுகம், வீட்டில் தலைவலி.

படம் ஓடும்போது ஆடியோ பட்டியலைத் திறங்க. 5.1 தவிர ஸ்டீரியோ தடமும் இருந்தா அதை எடுங்க. அப்புறம் டிவியின் சவுண்ட் மெனுவில் நைட் மோட், ஆட்டோ வால்யூம், டிஆர்சி இதில் எது இருக்கோ அதை ஆன் பண்ணுங்க. பெரிய சத்தத்தை இறக்கிச் சின்னச் சத்தத்தை ஏத்துறதுதான் அதன் வேலை. வசனத்துக்குன்னே தனி மோடும் இருக்கும்: எல்ஜியில் கிளியர் வாய்ஸ், சோனியில் வாய்ஸ் ஜூம், சாம்சங்கில் ஆம்ப்ளிஃபை. மத்த டிவியில் "நியூஸ்" மோட் ஓரளவுக்கு அதைச் செய்யும். "சரவுண்ட்", "3டி" மாதிரிப் பெயர் உள்ளதையெல்லாம் அணைச்சிடுங்க. இருக்கிற ரெண்டு ஸ்பீக்கரில் அகலம் காட்டப் போய் நடுவுல இருக்கிற வசனத்தைத்தான் கெடுக்கும்.

பிரைமில் 2023இல் டயலாக் பூஸ்ட்னு ஒண்ணு வந்தது. எல்லாப் படத்துக்கும் கிடையாது, ஆடியோ பட்டியலில் அந்தப் பெயர் தெரிஞ்சா எடுங்க.

ஈக்வலைசர் இருந்தா 200–300 ஹெர்ட்ஸ் பட்டையை 3 டெசிபல் இறக்கி, 2–4 கிலோஹெர்ட்ஸை 3 டெசிபல் ஏத்துங்க. ச, த, ப மாதிரி மெய்கள் பிரிஞ்சு கேட்கிறது அந்த மேல் பகுதியில்தான். பாஸை ஏத்தினா குரல் கம்பீரமா இருக்கும், வார்த்தை புரியாது.

சால்டரிங் அயர்ன்:
மேலே சொன்னது சரி. அதுக்கும் மேலே வேணும்னா, 2.1ஐ எடுக்காதீங்க. அந்த 2.1இல் "2" இடது வலது, "1" பாஸ் மட்டும் தர்ற சப்வூஃபர். நடு சேனல் அதில் இல்லவே இல்லை, உங்க பிரச்சினையே அதுதான். நடு ஸ்பீக்கரும் உள்ள 3.1 தேடுங்க, அல்லது நிஜமான 5.1. உங்க பட்ஜெட்டில் தள்ளுபடி நேரத்தில் பார்த்தா கிடைக்க வாய்ப்பிருக்கு. வாங்குறப்ப ஒண்ணே ஒண்ணு கேளுங்க: ரிமோட்டில் சென்டர் லெவலை மட்டும் தனியா ஏத்த முடியுமா? முடியாதுன்னா பெட்டியில் என்ன நம்பர் போட்டிருந்தாலும் எனக்கு அது 2.1தான்.

300 வாட்ஸ் கதையை நம்ப வேண்டாம். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) எவ்வளவு, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) அளந்தது, அதில் சப்வூஃபர் எவ்வளவு தின்னுதுன்னு பாருங்க. 10க்கு 14 ஹாலுக்கு முன்பக்கம் சேனலுக்கு 20 வாட்ஸ் தாராளம்.

பழைய அசெம்பிள் 5.1 ஆம்ப் பரணில் கிடந்தா தூக்கிப் போடாதீங்க. அதில் இருக்கிற ப்ரோலாஜிக் போர்டு நிஜ 5.1 தராது, இடது வலதைக் கூட்டி சென்டர்னு ஒண்ணை உருவாக்கும். அதனால இசையும் சேர்ந்தே அதில் வரும். டிவியின் ஆப்டிகல் அவுட்டில் ஒரு டீகோடர் பாக்ஸ் போட்டு, அதிலிருந்து ஆறு ஆர்சிஏ ஒயரை ஆம்ப்பின் 5.1 இன்புட்டில் குத்துங்க. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் தெருக்களில் கிடைக்கும். இந்த பாக்ஸ்கள் பெரும்பாலும் டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் மட்டுமே படிக்கும், ஓடிடியில் வர்ற டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிகலுக்கு ஏத்தது இல்லை. டிவியின் டிஜிட்டல் அவுட்டை "ஆட்டோ"வில் விட்டுட்டு சத்தமே வரலைன்னு போர்டை மாத்துறவங்க நிறைய. "டால்பி டிஜிட்டல்"னு தேர்வு பண்ணாப் போதும். ஆப்டிகலில் இன்னொரு லாபம், ஒயரில் மின் தொடர்பே இல்லை. கேபிள், டிஷ் ஒயர் வழியா வர்ற "ங்ங்ங்" ஹம் நின்னுடும்.

கூரைவிசிறி:
ரெண்டு பேரும் ஹாலை மறந்துட்டீங்க. டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெறும் சுவர். நடுவில் நின்னு ஒரு தடவை கை தட்டுங்க. "டப்"புக்குப் பின்னாடி "ட்ரிங்"னு ஒரு வால் நீண்டா எவ்வளவு விலை ஸ்பீக்கர் வச்சாலும் வார்த்தை கலங்கும். டிவிக்கும் சோஃபாவுக்கும் நடுவில் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பா விழுற கனத்த திரை, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. மூணில் ஜமுக்காளம் ஒண்ணை மட்டும் போட்டாலே வித்தியாசம் தெரியும். பஞ்சு ஃபோம் ஒட்ட வேண்டாம், மெல்லிசு ஃபோம் குரலின் மேல் பகுதியை மட்டும் உறிஞ்சிட்டு அடி முழக்கத்தை அப்படியே விட்டுடும்.

ஃபேனை 5இலிருந்து 3க்கு இறக்கிக் கேட்டுப் பாருங்க. வால்யூமில் நாலஞ்சு புள்ளி மிச்சம்.

சவுண்ட்பார் வாங்கினா டிவிக்குக் கீழே இருக்கிற மேசையின் முன் விளிம்போடு ஒட்டி வைங்க. ஷோகேஸ் தட்டுக்குள்ளே தள்ளினா குகைக்குள்ளேயிருந்து பேசுற மாதிரி இருக்கும். சப்வூஃபரை மூலையில் முட்டுக்கொடுக்காதீங்க, ரெண்டு சுவரும் சேர்ந்து பாஸைப் பெருக்கும். மூலையிலிருந்து ரெண்டடி தள்ளி, லெவலைப் பாதிக்குக் கீழே வைங்க. மாடி வீடுன்னா கீழ்வீட்டுக்காரங்களும் நன்றி சொல்வாங்க.

பெரியவங்க விஷயம் வேற. வயசாகும்போது முதல்ல குறையுறது உயர் அதிர்வெண் கேட்கும் திறன். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. வால்யூமை ஏத்துறது அவங்களுக்கு உதவாது, மத்தவங்களைத்தான் விரட்டும். டாக் ஸ்டாண்டோடு வர்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் டிவி ஹெட்ஃபோன் பாருங்க. சாதா ப்ளூடூத்தில் 200 மில்லிசெகண்ட் வரைக்கும் தாமதம் வரலாம், வாய் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம்னு போகும். டாக்கை ஆப்டிகலிலும் சவுண்ட்பாரை ஏஆர்சியிலும் மாட்டினா ரெண்டும் சேர்ந்து ஒலிக்குமான்னு உங்க டிவியில் சோதிச்சுட்டு வாங்குங்க. சில மாடலில் ஒரு அவுட்டைத் தேர்ந்தா மத்தது ஊமையாகிடும். காது ரொம்ப மந்தம்னா ஒரு ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுத்துப் பாக்கிறதுதான் நல்லது.

மாடிவீடு43:
நைட் மோடும் ஸ்டீரியோ தடமும் போட்டேன், 35இலிருந்து 24க்கு வந்திருக்கு. ஜமுக்காளமும் விரிச்சாச்சு. ஒரு 3.1 பாரும் பார்த்து வச்சிருக்கேன். ஏஆர்சியா ஆப்டிகலா? கரண்ட் அடிக்கடி போகும், இன்வெர்ட்டர் இருக்கு.

ஒலிப்பெட்டி:
ஏஆர்சி. டிவி ரிமோட்டிலேயே வால்யூம் நடக்கும், டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸும் போகும். ஏஆர்சி 2009இல் எச்டிஎம்ஐ 1.4உடன் வந்தது, அதனால ஓரளவு பழைய டிவியிலும் இருக்கும். 2017இல் வந்த இஏஆர்சி இழப்பில்லாத ஒலிக்கு, ஓடிடிக்கு அது தேவையில்லை.

டிவி, பார் ரெண்டையும் பிளக்கிலிருந்து எடுத்துட்டு, டிவியில் "ஏஆர்சி"ன்னு எழுதியிருக்கிற போர்ட்டில் மட்டும் ஒயரைச் சொருகுங்க. பக்கத்துப் போர்ட்டில் சொருகினா சத்தமே வராது. அடுத்து டிவியை ஆன் பண்ணி எச்டிஎம்ஐ சிஇசியை (ஒரே ரிமோட்டில் ரெண்டையும் இயக்குற வசதி) இயக்குங்க. ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒரு பேர் வச்சிருக்கு: சிம்ப்லிங்க், அனிநெட் பிளஸ், பிராவியா சிங்க். அப்புறம் பாரை ஆன் பண்ணுங்க. டிஜிட்டல் அவுட்டை "பாஸ்த்ரூ" அல்லது "ஆட்டோ"வில் வைங்க. "பிசிஎம்"மில் விட்டா டிவி ரெண்டு சேனலாக்கித்தான் அனுப்பும், 3.1 வாங்கியும் நடு சேனல் பட்டினி கிடக்கும். முக்கியமா, இப்ப தேர்ந்தெடுத்த ஸ்டீரியோ தடத்தை விட்டுட்டு 5.1 தடத்துக்குத் திரும்பிடுங்க. நடு ஸ்பீக்கருக்குச் சுத்தமான வசனம் அதில்தான் இருக்கு.

இன்வெர்ட்டர் மாறும் நொடியில் டிவியும் பாரும் ஒண்ணையொண்ணு அடையாளம் காணாம நின்னுடலாம். ரெண்டு பிளக்கையும் எடுத்து ரெண்டு நிமிஷம் விட்டுட்டு, டிவியை முதல்லயும் பாரை அப்புறமும் போடுங்க. ரிமோட்டில் ஆஃப் பண்றது போதாது. செட்டாப் பாக்ஸ் தானா உள்ளே புகுந்து இன்புட்டை மாத்தினா அந்த பாக்ஸில் மட்டும் சிஇசியை அணைங்க.

மாடிவீடு43:
பார் வந்தாச்சு, சென்டரை +3 வச்சேன், 14லேயே புரியுது. செட்டாப் பாக்ஸில் மட்டும் வாயசைவுக்கு அப்புறம் குரல் வருது. பாரில் டிலே 0லதான் இருக்கு. கேம் மோட் போடச் சொன்னாங்க.

சால்டரிங் அயர்ன்:
கேம் மோட் படத்தைத்தான் வேகமாக்கும். ஒலி ஏற்கெனவே பின்தங்கியிருக்கு, இடைவெளி இன்னும் கூடும். பாரில் உள்ள டிலேயும் ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே தெரிஞ்சது, முன்னே இழுக்காது. செட்டாப் பாக்ஸின் ஆடியோ அவுட்டை டால்பியிலிருந்து ஸ்டீரியோவுக்கு மாத்துங்க, டீகோடிங் நேரம் குறையும். அப்படியும் குரல் பின்தங்கினா அந்த ஒரு இன்புட்டுக்கு மட்டும் கேம் மோட் இல்லாம மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழவழப்பாக்குற செட்டிங்) ஒரு படி ஏத்திப் பாருங்க, படம் கொஞ்சம் தாமதமாகி ஒலியோட சேர்ந்துக்கும். சீரியலுக்கு அது போதும், கிரிக்கெட்டுக்கு மறக்காம இறக்கிடுங்க.