அப்பா கையில ஆறாத புண்ணு, பாசிங்கறாங்க, யாருக்காவது தெரியுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கங்க. அப்பாவுக்கு 61 வயசு, கிட்னி மாத்தி 3 வருசம் ஆச்சு, மாத்தின கிட்னியை உடம்பு தள்ளாம இருக்க டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் ஓடிட்டிருக்கு. நாலு மாசம் முன்னாடி கட்டுத்தரையில சாணி வழிக்கறப்ப தகரம் கிழிச்சு முழங்கைக்கிட்ட சின்ன காயம், அது ஆறவே இல்ல, செவந்து தடிச்சு இப்ப உள்ளங்கை அகலத்துக்கு வந்து நிக்குது. மொதல்ல ஆன்டிபயாடிக், அப்பறம் தோல்ல டிபியா இருக்கும்னாங்க, அப்பறம் பூஞ்சைக்குத் தர்ற ஃப்ளூகோனசோல் மாத்திரை ஆறு வாரம், எதுக்கும் கேக்கல. பாலக்காட்டுல சதை எடுத்துப் பாத்ததுல ஈஸ்ட் மாதிரி உருண்டை இருக்கு, மொட்டு விடலன்னு ரிப்போர்ட்டு, அதுக்குக் கீழ பேனால புரோட்டோதீக்கான்னு எழுதி கேள்விக்குறி. நர்ஸ் சேச்சிகிட்ட கேட்டா "பாயலாணு", அதாவது பாசின்னு மலையாளத்துல சொல்லிட்டு போயிட்டாங்க. கொளத்துப் பாசி எப்படிங்க மனுசன் தோல்ல வளரும்?

லேப் அக்கா:
தம்பி, புரோட்டோதீக்காங்கறது பச்சையே இல்லாத பாசி. குளோரெல்லாங்கற பச்சைப் பாசிக்கு சொந்தம்தான், ஆனா பச்சையம் போயிருச்சு, அதனால வெயில் வேண்டாம், சேறு சாக்கடை மரத்துல வடியற சாறுன்னு எங்கயும் இருக்கும். நல்லா இருக்கறவங்களுக்கும் எப்பவாவது காயம் வழியா வரும், எதிர்ப்பு சக்தி கொறஞ்சவங்களுக்குத்தான் பயம். மனுசங்ககிட்ட மொதல்ல பதிவானது 1964ல, சியரா லியோன்ல ஒரு நெல்லு விவசாயி கால்ல.

சிக்கலே எங்க பெஞ்சுலதான். தட்டுல வெள்ளையா க்ரீம் மாதிரி வளரும், பாத்தா கேண்டிடாங்கற ஈஸ்ட்டேதான், அவசரத்துல அப்படியே எழுதிருவாங்க. மைக்ரோஸ்கோப்புல மொட்டு இருக்காது, நாரத்தங்காயை குறுக்க வெட்டினா சுளை தெரியுமே அந்த மாதிரி ஒரு உருண்டைக்குள்ள சின்னச் சின்ன உருண்டை. அது ஒண்ணு சிக்கினா போதும், ஆனா பாதிக்கு மேல வெறும் உருண்டையாவே இருந்து ஏமாத்தும். சைக்ளோஹெக்சிமைடுங்கற மருந்து போட்ட மீடியத்துல (கிருமி வளக்கற தட்டு) வளராது, அதனால அது இல்லாத சபுராட் மீடியத்துலயும் போடச் சொல்லுங்க. பேரை உறுதி பண்ண மால்டி டாஃப் (புரதத்தை வெச்சு கிருமியை அடையாளம் காணற மிஷின்) இல்லன்னா ஜீன் சீக்வென்சிங். ஒண்ணு கேக்கறேன், எடுத்த சதை மொத்தமும் ஃபார்மலின்லயா போச்சு? அப்படின்னா அதுல கல்ச்சர் (கிருமியை வளத்துப் பாக்கறது) வராது, அதுக்கு சலைன்ல, அதாவது உப்புத்தண்ணில போட்டிருக்கணும்.

பொள்ளாச்சி மாட்டுவைத்தியர்:
மாட்டுலயும் இது மடிநோய் பண்ணும்ங்க, எந்த ஆன்டிபயாடிக்கும் கேக்காது. ஆனா மாட்டுல பெரும்பாலும் வர்றது வேற இனம், மனுசங்ககிட்ட அதிகம் வர்றது விக்கர்ஹாமிங்கற இனம். அதனால இதக் கேட்டுட்டு மாட்டை சந்தைக்கு ஓட்டிராதீங்க. ஆளுக்கு ஆளும் ஒட்டாது. அப்பா மட்டும் கொஞ்ச நாள் சாணி பக்கம் போக வேண்டாம், புண்ணை மூடி வெக்கட்டும்.

நானும் கிட்னி மாத்தினவன்:
ஃப்ளூகோனசோல் ஆறு வாரம் குடுத்தாங்களே, ரத்தத்துல டாக்ரோலிமஸ் லெவல் பாத்தாங்களா?? அந்த வகை மாத்திரை எல்லாமே லெவலை ஏத்திவிடும். புரோட்டோதீக்கான்னு உறுதியானா ஆம்போடெரிசின்ங்கற பூஞ்சை மருந்து வரைக்கும் போவாங்க, அது கிட்னிக்கு ஆகாது, அதனால தோல் டாக்டர் தனியா முடிவு பண்ண வேண்டாம், கிட்னி டாக்டரையும் கூட வெச்சுக்கங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
போன் போட்டு கேட்டேன் அக்கா, மொத்தமும் ஃபார்மலின்லதானாம். லெவல் பாக்கவே இல்லைங்க அண்ணா, நாளைக்கு காலைல ரத்தம் குடுக்கறோம். திங்கக்கிழமை கோயம்புத்தூர்ல மறுபடி சதை எடுக்கறாங்க. சலைன் நாங்களே வாங்கிட்டு போகணுமா?

லேப் அக்கா:
வேண்டாம், அங்கயே தருவாங்க. ரெண்டு துண்டு எடுக்கச் சொல்லுங்க, ஒண்ணு ஃபார்மலின்ல ஒண்ணு சலைன்ல, சீட்டுல புரோட்டோதீக்கா சந்தேகம்னு டாக்டரை கட்டாயம் எழுதச் சொல்லுங்க, எழுதலன்னா யாரும் தேட மாட்டாங்க. பாலக்காட்டுல மெழுகுல பதிச்சு வெச்ச சதை ப்ளாக்கும் ஸ்லைடும் கேட்டு வாங்கிக்கங்க, தர மாட்டேன்னா விடாதீங்க.