தெருமுனை கிளினிக்கில் ரத்தம் கொடுத்த அனுபவங்கள்

வேளச்சேரி மகள்:
அப்பா பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் போடுகிறவர். எங்கள் ஏரியா டாக்டர் கைராசிக்காரர், அவர் கிளினிக்கிலேயே பக்கத்து ரூமில் ரத்தம் எடுத்து வெளி லேபுக்கு அனுப்புவார்கள். போன மாதம் வழக்கமான டெஸ்ட்தான் கொடுத்தோம். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது, பொட்டாசியம் 7.4. ஐந்துக்குள் இருக்க வேண்டியது! அந்த மாத்திரையே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது என்று தெரியும், அதனால் வயிற்றைக் கலக்கிவிட்டது, டாக்டரும் போனை எடுக்கவில்லை, ஆட்டோ பிடித்து ஓடினோம். அப்பா மட்டும் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, பசிக்குது, ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போலாமா" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கேஷுவால்டியில் ஈசிஜி நார்மல். ட்யூட்டி டாக்டர் ரிப்போர்ட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு கால்சியம் வரியில் விரலை வைத்தார், 4.9. "இவ்வளவு குறைஞ்சிருந்தா அய்யா இப்படி உட்கார்ந்து இட்லி கேட்க மாட்டார்" என்று சொல்லி மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். பொட்டாசியம் 4.3, கால்சியமும் சரி. ஊதா மூடி ட்யூப் ரத்தம் கலந்திருக்கும் என்றார். கிளினிக்கில் போய்க் கேட்டால் "அதெல்லாம் மெஷின் ப்ராப்ளம் மேடம்" என்று முடித்துவிட்டார்கள். நல்லா இருந்த மனிதருக்குப் பொட்டாசியத்தை இறக்க மருந்து ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பெரம்பூர் லேப் டெக்:
மெஷின் இல்லை சகோதரி, அந்த டாக்டர் சொன்னதுதான். ஊதா மூடி ட்யூபுக்குள் ஈடிடிஏ பூசியிருக்கும், அதுவும் பொட்டாசியம் உப்பாக. கால்சியத்தை அது பிடித்துக்கொள்வதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது. ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி டெஸ்ட்டுக்கு அது வேண்டும். பொட்டாசியம், கால்சியம் பார்க்கும் மஞ்சள் மூடி ட்யூபில் ரத்தம் குறைகிறதே என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் சாய்த்து ஊற்றினால் முடிந்தது கதை, பொட்டாசியம் எகிறும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும். ட்யூப்களில் ரத்தம் எடுக்க நாங்கள் பழகிய வரிசை நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். பொட்டாசியம் மட்டும் தனியாக ஏறியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்: மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வெடுக்கென்று இழுத்து ரத்த அணுக்கள் உடைந்திருக்கலாம், அல்லது கையில் கட்டைப் போட்டுவிட்டு "மூடித் திறங்க, மூடித் திறங்க" என்று நேரத்தைக் கடத்தியிருக்கலாம். கட்டு ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கவே கூடாது.

இதைவிட எனக்குப் பயம் சுகர்தான். சுகருக்கான சாம்பல் மூடி ட்யூப் தீர்ந்துபோய் சாதா ட்யூபில் எடுத்து, காலை ஏழு மணி ரத்தம் பதினோரு மணிக்கு பிக்கப் பையன் வரும்வரை மேஜையில் கிடந்தால், அணுக்களைப் பிரிக்காத ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சுகர் குறைந்துகொண்டே போகும். அக்னி நட்சத்திர வெயிலில் பைக் பெட்டியில் வந்தால் இன்னும் மோசம். சுகர் இருக்கிறவருக்கே நார்மல் என்று வந்துவிடும், யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். அப்புறம், உங்கள் பெயரை ட்யூபில் உங்கள் கண்ணெதிரே எழுதச் சொல்லுங்கள். எடுத்து முடித்தபிறகு பத்து ட்யூபை மொத்தமாக வைத்து ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன், அங்கே இருக்க மனசு வரவில்லை, வந்துவிட்டேன்.

அம்பத்தூர் ராணி:
என் தங்கை பையனுக்கு மூன்று வாரமாக இருமல். கிளினிக்கில் டிபிக்கு ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ரத்த ஆன்டிபாடி டெஸ்ட்டை மத்திய அரசு 2012லேயே தடை செய்துவிட்டது, தெரியுமா? நர்ஸ் தோழி சொல்லித்தான் எனக்கே தெரியும். ஓட்டேரி ஆஸ்பத்திரியில் சளி டெஸ்ட் இலவசமாகப் பார்த்தார்கள்.

நங்கநல்லூர் நர்ஸ்:
ராணி அக்கா, நல்லவேளை. நான் பார்க்கும் கிளினிக்கில் டாக்டரம்மா டெஸ்ட், லேப் விஷயத்தில் கறார். தமிழ்நாட்டில் கிளினிக், லேப் எல்லாவற்றுக்கும் 1997 சட்டப்படி பதிவு வேண்டும், விதிகள் 2018ல் வந்தன. அந்தச் சான்றிதழ் எங்கள் சுவரில் மாட்டியிருக்கிறது. லேபின் தரத்துக்குக் கொடுக்கும் என்ஏபிஎல் அங்கீகாரம் கட்டாயம் இல்லை, அது இருந்தாலும் லேபுக்கு மொத்தமாகக் கொடுப்பது கிடையாது, எந்தெந்த டெஸ்ட்டுக்கு என்று தனிப்பட்டியல் உண்டு. போர்டில் முத்திரையைப் பார்த்து ஏமாறாமல் உங்கள் டெஸ்ட் அதில் வருகிறதா என்று கேளுங்கள். ஊசியைக் குத்தியதும் வெள்ளை நிற, துளைக்க முடியாத டப்பாவில் போட வேண்டும், 2016 மருத்துவக் கழிவு விதி அது. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில்.

சமீபத்தில் ஒரு லேபிலிருந்து ரிப்போர்ட் பெத்தாலஜிஸ்ட் கையெழுத்தே இல்லாமல் வந்தது. டாக்டரம்மா அதைப் பிரித்துப் படிக்கக்கூட இல்லை, திருப்பி அனுப்பிவிட்டு, காத்திருந்த பெரியவரிடம் "அய்யா, நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வாங்க, காசு வேண்டாம், வேற லேபுக்கு அனுப்பறோம்" என்றார்.