மறு: 'மொழி அணுகல்' வேண்டாம், 'மொழியெட்டல்' எப்படி?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட சொல்லுக்கு இத்தனை பேர் யோசித்து எழுதியதற்கு நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் காது கேளாத பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கொடுக்க நாங்கள் நாலைந்து பேர் ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். பிறந்து முதல் சில ஆண்டுகளுக்குள் பிள்ளைக்கு ஏதாவது ஒரு மொழி முழுசாகக் கிடைத்துவிட வேண்டும், அது பேச்சோ சைகையோ, கிடைக்காவிட்டால் பின்னால் படிப்பு அடிவாங்கும், அதிலும் கணக்கு. அப்படிக் கிடைப்பதற்கு ஒரு சொல் வேண்டும், கிடைக்காமல் போவதற்கு ஒரு சொல் வேண்டும், இரண்டும் ஒரே வேரில் இருந்தால் நல்லது.

வந்த சொற்களில் 'மொழி இழப்பு' எனக்கு ஒப்பவில்லை. இருந்ததைத்தான் இழக்க முடியும். பக்கவாதத்தில் பேச்சுப் போனவருக்கும் பேரப்பிள்ளைகளோடு தமிழ் நின்றுபோன குடும்பத்துக்கும் அது சரி, பிறந்ததிலிருந்தே ஒன்றும் வந்துசேராத பிள்ளைக்குச் சரியில்லை. 'மொழிக் குறைபாடு' இன்னும் மோசம், குறையைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் தலைக்குள் வைத்துவிடுகிறது.

'மொழிப்பட்டினி' என்று கிள்ளான் தம்பி எழுதியதைப் பார்த்ததும் இதுதான் என்று நினைத்தேன். வயிறு நன்றாக இருக்கிறது, பசி இருக்கிறது, சோறுதான் வரவில்லை. அப்படியே பொருந்துகிறது இல்லையா? அன்றிரவே என் அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நான்தான் என் புள்ளைய பட்டினி போட்டேனா?" என்று கேட்டார். அதற்கு மேல் அந்தச் சொல்லை என்னால் எடுத்து எழுத முடியவில்லை.

அக்கா மகன் பிறவியிலேயே காது கேளாதவன். அப்போது அவர்கள் தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் இருந்தார்கள். அக்கா விடியற்காலையில் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போய்விடுவார், பையன் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இருப்பான். பேச்சு வரவில்லை என்று காட்டப் போன இடத்தில் "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான், பொறுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலு வயதில்தான் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. சைகை மொழி பேசுகிற மனிதரை அவன் முதன்முதலில் பார்த்தது ஏழு வயதில், விடுதியுள்ள பள்ளிக்குப் போனபோது. அதுவரை வீட்டில் நாங்களே கட்டிக்கொண்ட இருபது முப்பது சைகைகள்தான்: சோறு, தண்ணீர், அப்பா, வா, அடி.

அவனுக்கு ஆறு வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பசியாறக் கடைக்குக் கூட்டிப்போய், ஐந்து விரலைக் காட்டி வடை எடுத்துவரச் சொல்வேன். தட்டில் நாலு இருக்கும். அடுத்த வாரம் ஆறு இருக்கும். இரண்டு, மூன்று என்றால் ஒருநாளும் தப்பியதில்லை. ஒரு ரிங்கிட் நீல நோட்டை விட ஐந்து ரிங்கிட் பச்சை நோட்டு பெரிது, அதைவிடப் பத்து ரிங்கிட் சிவப்பு பெரிது என்பதெல்லாம் நன்றாகத் தெரியும், கடைக்காரர் எந்த நோட்டைக் கொடுத்தார் என்று கண் வைத்துப் பார்ப்பான். ஐந்து வடையை மட்டும் ஏன் ஐந்தாகக் கொண்டுவர முடியவில்லை? கவனம் போதவில்லை என்று நினைத்து அவனைக் கடிந்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பல வருடம் கழித்து நிகராகுவாவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஸ்பேபன், கோப்போலா, ஸ்பெல்கி, கேரி, கோல்டின்-மெடோ ஆகியோர் 2011-ல் வெளியிட்டது. பேச்சும் கேட்காமல், ஊரின் சைகை மொழியும் கிடைக்காமல், வீட்டில் தாமே உண்டாக்கிய சைகைகளோடு வளர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பெரியவர்கள், வேலை செய்து சம்பாதிக்கிறவர்கள், காசின் மதிப்பு தெரிந்தவர்கள். எண்ணைக் காட்ட விரல்களையும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மூன்றைத் தாண்டினால் கிட்டத்தட்டத்தான் வருகிறது, துல்லியமாக வருவதில்லை. வடைத் தட்டு அப்படியே கண்முன் வந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் கண் பார்த்தே சொல்லிவிடும். அதற்கு மேல் ஒரு வரிசை வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கோத்துக்கொண்டே போக வேண்டும், கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம் என்பது புரிய வேண்டும். அந்த வரிசையைத் தருவது மொழி. வாயால் வந்தாலும் சரி, கையால் வந்தாலும் சரி. நான் காட்டிய ஐந்து விரல் அவனுக்கு எண்ணாகவே போய்ச் சேரவில்லை, 'ஒரு கை நிறைய' என்கிற படமாகத்தான் போயிருக்கிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் மேரி கோப்போலாவின் குழு சின்னப் பிள்ளைகளிடம் பார்த்ததும் இதே திசையில்தான் இருக்கிறது: எண்ணைப் பிடித்துக்கொள்வதில் வித்தியாசத்தை உண்டாக்குவது மொழி சீக்கிரம் வந்ததா தாமதமாக வந்ததா என்பது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். சிங்கப்பூர் நண்பர் சொன்ன 'மொழி அணுகல்' இணையத்தளத்துக்கும் கட்டடத்துக்கும் பொருந்தும். ஆனால் அணுகுகிறவர் நடந்து போகிறவர். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எதை அணுகும்? மொழிதான் பிள்ளையிடம் வந்து சேர வேண்டும்.

அதனால் என் பரிந்துரை 'எட்டுதல்'. செய்தி காதுக்கு எட்டியது என்கிறோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை என்கிறோம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதும் நம்மிடம் இருக்கிறது. காது, கண், கை, வாய் நான்குக்கும் பொருந்துகிற வினை நாம் தினமும் பேசும் தமிழிலேயே இருக்கும்போது வேறெங்கே தேடுவது? மொழியெட்டல், மொழி எட்டாமை, மொழி எட்டிய பிள்ளை, பிந்தி எட்டிய பிள்ளை, எட்டவைத்தல் என்று எப்படி வளைத்தாலும் வருகிறது. முக்கியமாக, 'எட்டவில்லை' என்றால் யார்மேலும் பழி விழுவதில்லை. அக்காவிடம் இதையும் படித்துக் காட்டினேன். "ஆமா, எட்டலதான்" என்றார்.

'எட்ட நில்' என்றால் தள்ளி நில் என்று ஆகிறதே என்று தஞ்சாவூர் ஐயா கேட்பார். உண்மைதான் ஐயா, அதனால்தான் 'மொழியெட்டம்' என்று முடிக்கவில்லை, தூரம் என்று படித்துவிடுவார்கள். 'மொழியெட்டு' என்றும் வேண்டாம், கணக்கைப் பற்றிய அறிக்கையில் எட்டு என்றால் 8-தான்.

சைகையை முதலில் கொடுத்தால் தமிழ் வராமல் போய்விடாதா என்று கூலிம் அன்பர் கேட்டிருந்தார். எங்கள் ஊரிலும் எல்லோரும் கேட்பது இதைத்தான். ரேச்சல் மேபெரி குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதிலேயே சைகை மொழி கிடைத்த காது கேளாதவர்கள் பின்னால் ஆங்கிலத்தை நன்றாகக் கற்றிருக்கிறார்கள். சிறுவயதில் எந்த மொழியும் சரியாகக் கிடைக்காதவர்கள்தான் தடுமாறியிருக்கிறார்கள். முதல் மொழி அடுத்த மொழிக்கு வழிவிடுகிறது. இன்னொன்று, மலேசியச் சைகை மொழி என்பது மலாயைக் கையால் எழுதிக் காட்டுவது இல்லை. அப்படிக் காட்டுவது 'கோட் தாங்கான்', அது வேறு. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, 2008-ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டமே அதைக் காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றிருக்கிறது. அமெரிக்கக் கணக்குப்படி காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள், ஆகவே அம்மா அப்பாவும் கூடவே கற்க வேண்டியிருக்கிறது. துண்டறிக்கையில் இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கூடவே இன்னொரு சொல்லுக்கும் கருத்து வேண்டும். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, தினமும் சைகையைப் பார்த்து வளரும் காது கேளாத குழந்தைகள் கையாலேயே மழலை பேசுகிறார்கள். பொருளில்லாத கையசைவுகளை அசை அசையாகத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் பெட்டிட்டோவும் மாரன்டெட்டும் 1991-ல் எழுதியது. இதை 'கைமழலை' என்று வைக்கலாமா? மழலை என்றால் வாய்தானே என்று சிலர் தயங்கலாம். எனக்குத் தயக்கம் இல்லை.

அறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, வியாழன் இரவுக்குள் எழுதிவிடுங்கள். முதல் வரியை இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறோம்: "உங்கள் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தால் பேச்சு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், இன்றைக்கே ஒரு மொழி அதன் கண்ணுக்கு எட்டட்டும்." இதில் 'அதன்' என்பதா 'அவன்/அவள்' என்பதா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை, அதையும் சொல்லுங்கள்.