எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க் பேக்கப் ஆகுமா?

கோண்டாவிலான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "சின்னக் கடைக்கு 2 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிக் கணினியில் செருகியபடியே விடுங்கள், இரவில் தானாகக் கொப்பி எடுக்கும், வேறொன்றும் தேவையில்லை." அதற்குக் கீழே ஆளாளுக்கு நன்றி வேறு. வாசிக்கவே பத்திக்கொண்டு வந்தது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கும் வன்னாக்ரை வைரஸ் வந்தபோது உள் டிஸ்க்கை மட்டுமா பூட்டியது? செருகியிருந்த வெளி டிஸ்க், பென் டிரைவ், நெட்வொர்க்கில் திறந்து கிடந்த ஃபோல்டர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பூட்டியது. கொப்பி முடிந்ததும் வயரைக் கழற்ற வேண்டும். கழற்றாத டிஸ்க் பேக்கப் இல்லை.

சுன்னாகம் ஸ்டூடியோ:
அந்த "ஒருவர்" நான்தான். நேரே என்னைக் கேட்டிருக்கலாம். ஒரு கலியாணத்துக்கு இரண்டு கேமரா போகுது, கேமரா சுருக்காமல் தரும் ரோ படமும் வீடியோவும் சேர்ந்தால் 200 ஜிபி தாண்டும். சாமத்தில் வந்து கார்டைக் கணினியில் கொட்டி, கொப்பி முடியும்வரை முழித்திருந்து வயரைக் கழற்றி, விடிய எழும்பித் திரும்பச் செருகுவதற்கு இங்கே யாருக்கு நேரம் இருக்கிறது? மனிசன் மறப்பான், கணினி மறக்காது. கழற்றி லாச்சிக்குள் வைத்திருப்பவர்களிடம் கடைசிக் கொப்பி எந்த மாதத்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

கோண்டாவிலான்:
மறதி இருந்தால் இரண்டு டிஸ்க் வாங்குங்கள் தம்பி. ஒன்று கடையில், மற்றது வீட்டில், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மாற்றுங்கள். அப்போது எந்த நேரமும் ஒன்று கழன்றுதான் இருக்கும். வைரஸை விடுங்கள், ஐப்பசி கார்த்திகை இடியை யோசித்தீர்களா? செம்புக் கம்பி தொலைபேசி லைன் இருக்கிற வீட்டில் மின்னல் லைன் வழியாக றவுட்டருக்கு வரும், றவுட்டரிலிருந்து கேபிளில் கணினிக்கு, அங்கிருந்து யூஎஸ்பி வயரில் உங்கள் அருமை டிஸ்க்குக்கு. மூலப்பிரதியும் கொப்பியும் ஒரே செக்கனில் போகும்.

சுன்னாகம் ஸ்டூடியோ:
என்னிடம் ஃபைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

கோண்டாவிலான்:
ஃபைபர் பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? சுவர் பிளக்கிலிருந்துதானே? வயரைக் கழற்றினீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கணக்குக்கொப்பி:
நான் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எல்லாக் கடையும் ஸ்டூடியோ இல்லை. ஒரு வருடக் கணக்கு ஃபைல் பென் டிரைவில் ஒரு மூலைக்குக் காணாது. கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசமாகத் தருகிறார்கள், ஃபோல்டரை அதோடு இணைத்துவிட்டேன், முடிந்தது. வயர்ச் சண்டையே வேண்டாம்.

கோண்டாவிலான்:
அக்கா, அதுவும் செருகிய டிஸ்க்தான், வயர் கொஞ்சம் நீளம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், மாற்றி எழுதின ஃபைலின் பழைய பதிப்பும் 30 நாள் அல்லது 100 பதிப்பு வரைதான். மார்கழியில் யாரோ கைதவறி அழித்த ஃபைலை நீங்கள் மார்ச் 31 கணக்கு முடிக்கும்போது தேடுவீர்கள். அப்போது எங்கே போவீர்கள்?

ரொறன்ரோ நல்லூரான்:
இன்னமும் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு திரிகிறீர்களா? இங்கே நாங்கள் எல்லாவற்றையும் கிளவுட்டில், அதாவது இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினியில், போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். மாதக் காசு கட்டினால் பழைய பதிப்பெல்லாம் அவர்களே வைத்திருப்பார்கள்.

சுன்னாகம் ஸ்டூடியோ:
அண்ணை, 200 ஜிபியை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற ஏறக்குறைய 44 மணித்தியாலம் வேண்டும். ஒரு கலியாணம் ஏறி முடிய முதல் அடுத்த கலியாணம் வந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது எதை ஏற்றுவது? ரொறன்ரோவிலிருந்து சொல்வது லேசு.

கோண்டாவிலான்:
கிளவுட்டும் யாரோ ஒருவருடைய கட்டடம்தான். 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகர அரச தரவு மையத்தில் தீப்பிடித்து, அரச ஊழியர்களின் ஜி-டிரைவ் 858 டெராபைட் அழிந்தது. வெளியே கொப்பி இல்லை. நாட்டு அரசாங்கத்துக்கே அந்தக் கதி.

ரொறன்ரோ நல்லூரான்:
அது அவர்கள் கொப்பி வைக்காத பிழை. கிளவுட்டின் பிழை இல்லை. ஊருக்குக் காசு அனுப்பும்போது மட்டும் ரொறன்ரோ தூரமில்லையோ?

வல்வைக் காற்று:
ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன நடக்கும் என்று நமக்குக் கொரியா வந்து சொல்லித்தர வேண்டுமா? 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளும் போயின, அவற்றில் பலதுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. வயர் கழன்றிருந்ததா என்பதல்ல கேள்வி, கொப்பி வேறு ஊரில் இருந்ததா என்பதே கேள்வி.

சுன்னாகம் ஸ்டூடியோ:
ஒரு கலியாண அல்பத்துக்குப் போய் நூலகத்தை இழுக்காதீர்கள். அது வேறு. அது தானாகப் பற்றிய நெருப்பும் இல்லை.

வல்வைக் காற்று:
வேறு என்று எனக்கும் தெரியும். அதனால்தான் 2005 இலிருந்து நூலகம் திட்டக்காரர் பழைய புத்தகம், பத்திரிகை எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு அந்த அல்பமும் திரும்பக் கிடைக்காத சாமான்தான். நீங்கள் அதைச் சின்ன விஷயம் என்று நினைத்தால் படம் எடுக்கக் காசு வாங்காதீர்கள்.

சுன்னாகம் ஸ்டூடியோ:
என் தொழிலைப் பற்றிக் கதைக்க வேண்டாம். வயர் கழற்றச் சொல்லும் அறிவாளிகளுக்கு ஒன்று சொல்கிறேன். வெளி டிஸ்க்கில் வயர் செருகும் அந்தத் தட்டையான மைக்ரோ-பி முனையை எப்போதாவது உற்றுப் பார்த்தீர்களா? தினமும் செருகிக் கழற்றினால் ஓட்டை தளரும், கொஞ்சம் அசைந்தாலே டிஸ்க் மறைந்து மறைந்து வரும். சில 2.5 அங்குல டிஸ்க்குகளில் யூஎஸ்பி முனை போர்டிலேயே ஒட்டியிருக்கும், உள்ளே வழக்கமாக டிஸ்க்கை மாட்டும் சாட்டா முனை கிடையாது. முனை உடைந்தால் வேறு பெட்டியில் போட்டு எடுக்கவும் ஏலாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் ஃபைலும் பழுதாகும்.

கோண்டாவிலான்:
டிஸ்க் பக்கத்தில் ஏன் கழற்றுகிறீர்கள்? கணினிப் பக்கத்தில் கழற்றுங்கள், முனைக்கு ஒன்றும் வராது. எஜெக்ட் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள், ஃபைலுக்கும் ஒன்றும் வராது. போன வருடம், கரண்ட் போனால் பற்றரியில் கணினியை ஓட்டும் யூபிஎஸ் பற்றிக் கதைத்தபோதும் நீங்கள் இப்படித்தான் நூறு காரணம் சொன்னீர்கள்.

சுன்னாகம் ஸ்டூடியோ:
போன வருடம் நீங்கள் சொன்ன யூபிஎஸ் பற்றரி எத்தனை மாதம் நின்றது என்பதையும் எழுதுங்களேன்.

கோண்டாவிலான்:
பற்றரி மாற்றுவது வழக்கமான செலவு. பேச்சை மாற்ற வேண்டாம்.

கணக்குக்கொப்பி:
ஒன்று கேட்கிறேன். உங்களில் யாராவது அந்தக் கொப்பியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பார்த்தீர்களா? 2017 ஜனவரியில், மென்பொருள் எழுதுபவர்களின் கோட்டை இணையத்தில் வைத்திருக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சேர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான ஏற்பாடு வைத்திருந்தும் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை, தற்செயலாக எடுத்திருந்த ஆறு மணித்தியாலப் பழைய கொப்பி ஒன்றுதான் கைகொடுத்தது.

கோண்டாவிலான்:
நல்ல கேள்வி அக்கா, ஆனால் செருகியே இருந்த டிஸ்க் பூட்டுப்பட்டால் திறந்து பார்க்க என்ன மிஞ்சும்? முதலில் வயர்.

ரொறன்ரோ நல்லூரான்:
முதலில் வயராம். கிளவுட்டில் வயரே இல்லை.

சுன்னாகம் ஸ்டூடியோ:
நான் கழற்றப் போவதில்லை. தானாக எடுக்கிற கொப்பிதான் கொப்பி. வருகிற ஆவணிக்கு ஆறு கலியாணம் பிடித்திருக்கிறேன், உங்களோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

கோண்டாவிலான்:
ஆறு கலியாணமும் அந்த ஒரே டிஸ்க்கிலா? கலியாண வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா?

சுன்னாகம் ஸ்டூடியோ:
ஒரே டிஸ்க் என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய் வாசியுங்கள்.

கோண்டாவிலான்:
வாசித்தேன். "வேறொன்றும் தேவையில்லை" என்று எழுதியது நீங்கள்தானே.