வயிற்றுவார் இறுக்கினால் காதை மடக்கும் குதிரை

மட்டக்களப்பு கல்லடியில் ஆறு வயதுப் பெண் குதிரை ஒன்றை வளர்க்கிறேன். மூன்று வாரமாக, சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கியதும் காதுகளைப் பிடரியோடு ஒட்ட மடக்கி, வாலைச் சுழற்றி அடித்து, இடது விலாவைத் திரும்பிப் பார்க்கிறது. நேற்று கடிக்கவும் வந்தது. குணம் கெட்டுவிட்டது என்கிறார்கள். என் கையில் புல் தின்று வளர்ந்த பிள்ளை அது, நான் நம்பவில்லை.

சேணத்தை மாற்றினேன். முதுகை அழுத்திப் பார்த்தேன், புண்ணோ வீக்கமோ இல்லை. ஐந்து நாள் ஓய்வும் கொடுத்தேன். உடல் வெப்பம் 38 பாகை, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 36, இரண்டும் இயல்பே. கடும் வயிற்றுவலி வந்த குதிரையைப் போலத் தரையில் உருளவில்லை, நிலத்தைக் காலால் கிளறவுமில்லை. ஆனால் தவிட்டைப் பாதியில் விட்டுவிடுகிறது.

இது இரைப்பைப் புண்ணா, வார் அழுத்தும் இடத்து வலியா என்பதை எப்படிப் பிரித்தறிவது?